ஒரு கட்டத்துக்கு ஒரு மழை

மழையை யார் பெய்ய வைக்கிறார்கள் என்று கேட்டால் மேகம் என்பீர்கள், கடல் என்பீர்கள், கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் காடு என்றும் சொல்வீர்கள். மழைக் கணிப்பு நிலையத்துக்குப் போய் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள், சிரிப்பார்கள். அங்கே மழையைப் பெய்ய வைப்பது மூன்றாவது மாடியில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் ஒரு கணினி. கணினி என்றுகூட யாரும் சொல்வதில்லை, பெரியவர் என்றுதான் சொல்வார்கள். பெரியவருக்கு உடம்பு சூடாகக் கூடாது என்று அந்த அறையில் எந்நேரமும் குளிர் ஓடிக்கொண்டிருக்கும். அவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்கள். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று கணக்குப் போடும் இடத்தில் பாதிப் பேருக்கு ஜலதோஷம்.

நம்ம ஆளுக்கு நான்காவது மாடியில் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. ஆனால் ஆபீசில் வாட்ச்மேன் முதல் இயக்குநர் வரை அத்தனை பேரும் அவனைத் தூறல் என்றே கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு, கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் விளங்கும்.

பெரியவர் பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருந்தார். கட்டம் என்றதும் கணக்கு நோட்டுக் கட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முனையில் பஸ் ஏறினால் மறுமுனையில் இறங்குவதற்குள் நன்றாகத் தூங்கி எழுந்துவிடலாம். அதற்குள் மலை இருக்கும், பள்ளத்தாக்கு இருக்கும், ஆறு இருக்கும், பெருங்காடு இருக்கும், காட்டை வெட்டிப்போட்ட பொட்டலும் இருக்கும். பெரியவருக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம், ஒரே வெயில், ஒரே மழை. மலையைத் தட்டிப் பள்ளத்தில் போட்டு, மேலே காட்டைப் பச்சை விரிப்பாகப் போட்டுவிடுவார். மேகமோ கட்டத்தைவிட ரொம்பப் பொடிசு, அதனால் அவர் கண்ணில் படவே படாது. கண்ணில் படாத மேகத்திலிருந்து மழை வந்தாக வேண்டுமே! அதற்காக ஒரு விதி எழுதிக் கொடுத்திருந்தார்கள்: தரை சூடானால் உடனே கொஞ்சம் பெய்துவிடு. எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு ஓர் எண் இருந்தது. அதன் பெயர் தூறல் எண். காட்டுக் கட்டத்தின் தூறல் எண்ணைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் நம்ம ஆளின் உத்தியோகம்.

நிஜக் காட்டில் நடக்கிற கதையே வேறு. மரங்கள் வேரால் குடித்த தண்ணீரை இலை வழியே மேலே விடும். அது காலை முழுக்க ஏறும். சின்னச் சின்ன மேகங்கள் வரும், ஒன்றோடொன்று சேரும், கலையும், மறுபடி சேரும். சில நாள் ஒன்றும் பெய்யாமல் ஏமாற்றிவிட்டுப் போகும். பிறகு ஒருநாள் சாயங்காலம் டீ போடுகிற நேரத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்க்கும். பெரியவரின் காட்டில் அந்தத் தொல்லை இல்லை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூவாளி பிடித்தாற்போல ஒரு தூறல் விழும். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது.

வருஷக் கடைசியில் இரண்டு காட்டு மழையையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றாக வரும். நிலையத்துக்கு அது போதும். கூட்டுத்தொகை சரியென்றால் கணிப்பும் சரி என்பது அங்கே எழுதாத சட்டம்.

இப்படி இருக்கையில்தான் அக்கா போன் செய்தாள். அம்மா போனபின் அவனைப் படிக்க வைத்தவள் அக்காதான். அதே காட்டின் அடிவாரத்தில் இருந்த சின்ன ஊரில் அவளும் அத்தானும் தையல் கடை வைத்திருந்தார்கள், மேட்டுத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள்.

"தம்பி, ஆத்தோரமா புதுசா மனை போட்டு விக்கிறாங்கடா. உங்க அத்தான் மனசெல்லாம் அங்கதான் இருக்கு. நம்ம கைக்கு எட்டற விலை. நீ சரின்னு சொன்னாத்தான் நான் சரிம்பேன். அங்க வெள்ளம் கிள்ளம் வருமா?"

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

"இதுல என்னடா பாக்கறது? மழையையே நீதானே வச்சிருக்கே!"

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தம்பி பெரிய ஆபீசில் மழையைப் பார்த்துக்கொள்கிறான் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. அவனோ போனை வைத்ததும் காட்டுக் கட்டத்தின் கோப்பை எடுத்துப் புரட்டினான். ஏனென்றால் அந்த வாரம்தான் காட்டு பங்களாவில் இருந்த மழைமானிக்காரர் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெருங்காடு முழுமைக்கும் இருந்தது அந்த ஒரே ஒரு மானிதான்.

"சார், நேத்து சாயங்காலம் மானி நிறைஞ்சு வழிஞ்சு ஓடுது சார். நான் டீயக் குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள! எவ்வளவுன்னு எழுதறது?"

தூறல் இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவியிடம் போனான். அவர் நல்ல மனுஷி, யாரையும் கடிந்து பேசமாட்டார். மழையைக்கூடக் கடிந்து பேசமாட்டார்.

"எத்தனை மணிக்குப் பெஞ்சுதாம்?"

"சாயங்காலம் மேடம்."

"நம்ம கணிப்புல மழை எப்போ?"

"மதியம்."

"அப்போ இது நம்ம மழை இல்லையே, தூறல்!"

பிரிவுத் தலைவி அன்போடு விளக்கினார். கணிப்பும் காடும் முரண்பட்டால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். கணிப்பைத் திருத்தப் பெரியவரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். காட்டைத் திருத்த ஒரு போன் போதும். ஆகவே இனிமேல் மழைமானியை மதியம், தூறல் முடிந்த கையோடு பார்த்து எழுத வேண்டும் என்று மானிக்காரருக்குச் சொல்லச் சொன்னார்.

"மதியம் தூறலே இல்லையே சார்," என்றார் மானிக்காரர். "முந்தின நாள் சாயங்காலம் பெஞ்சதுதானே உள்ள கிடக்கும்?"

"அதையே மதியம் பெஞ்சதுன்னு எழுதிடுங்க."

"வழிஞ்சு போனது?"

தூறல் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு பிரிவுத் தலைவியைப் பார்த்தான்.

"மானிக்குள்ள இருக்கறதுதான் மழை," என்றார் அவர். "வெளிய போனதுக்கெல்லாம் நாம எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்?"

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. குறித்த நேரத்துக்கு வெளியே மழை பெய்ததற்கு விளக்கம் கேட்டு வன அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் போயிற்று. அதை எழுதியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நம்ம தூறல்தான். வன அலுவலகமும் சளைத்ததில்லை. நடந்ததற்கு வருந்துவதாகவும், இனி இப்படி நேராமல் காட்டைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்திருப்பதாகவும் பதில் வந்தது. பதிலைப் படித்து அவன் பிரிவில் எல்லோரும் திருப்திப்பட்டார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவனுக்கு மட்டும் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் சும்மாவும் இருந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், பெரியவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூறல் எண்ணைக் குறைத்துப் பார்த்தான். தினம் தினம் தூறித் தீர்க்காவிட்டால் பெரியவரும் மழையைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொட்டுவாரா என்று ஓர் ஆசை. கொட்டத்தான் செய்தார். அவன் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்தும்விட்டான். அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பனிப் பிரிவின் உதவியாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"யாருய்யா அது, என் பனிய உருக்கினது? நல்லா உறைஞ்சு கிடந்துச்சு! ரெண்டு வருஷமா கஷ்டப்பட்டு உறைய வச்சேன்!"

காட்டில் கை வைத்தால் எங்கோ துருவத்தில் பனி உருகியது. பெரியவரின் உள்ளே ஒரு தப்பை இன்னொரு தப்புதான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்றை உருவினால் மற்றதெல்லாம் சரியும். தூறல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எண்ணைப் பழையபடி வைத்தான். பனி உறைந்தது. காட்டில் மதியத் தூறல் திரும்பவும் விழுந்தது.

கடைசி நம்பிக்கையாக இருந்தது ஒருமித்த கருத்துக் கூட்டம். வருஷத்துக்கு ஒருமுறை மற்ற ஊர் நிலையங்களில் இருந்த பெரியவர்களின் கணிப்புகளையும் வரவழைத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். அந்த வருஷம் காட்டுக் கட்டத்துக்கு ஒருவர் பிரளயம் வரும் என்றிருந்தார். ஒருவர் பாலைவனம் ஆகும் என்றிருந்தார். இன்னொருவர் பனி பெய்யும் என்று அனுப்பியிருந்தார். எங்கேயோ கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி விழுந்திருக்க வேண்டும், ஆனால் விருந்தாளியின் கணிப்பைத் திருத்துவது மரியாதை இல்லை என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார்கள். மிதமான மழை என்று வந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அவர் பேசினால் இடி இடித்தமாதிரி இருக்கும், அதோடு சரி.

"நண்பர்களே! ஒரு இயந்திரம் தப்புப் பண்ணலாம். ரெண்டு இயந்திரம் தப்புப் பண்ணலாம். ஆனா எல்லாருடைய தப்பையும் கூட்டி, எல்லாருக்கும் சமமா வகுத்தா வர்றது எப்படித் தப்பாகும்? அதுல எல்லாருடைய உழைப்பும் இருக்கு! சில பேர் கேக்கறாங்க, காட்ட வெட்டினா மழை குறையாதான்னு. நம்ம கணிப்புல காட்ட வெட்டிப் பாத்தாச்சு. மழை ஒரு சொட்டுக்கூட மாறல. ஏன்னா நம்ம கணிப்புல மரமும் ஒண்ணுதான், புல்லும் ஒண்ணுதான். அவ்வளவு உறுதியான கணிப்பு! இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து நம்ம சொன்ன ஒண்ணாவது பொய்யாப் போச்சுன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களா? முடியாது! நாம சொல்றது நூறு வருஷம் கழிச்சு நடக்கப்போறத. அப்ப கேக்கறதுக்கு நீங்களும் இருக்கமாட்டீங்க, நானும் இருக்கமாட்டேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் நுணலாக இருந்துவிட்டால் எதுவும் கெடாது போலிருக்கிறது. கூடம் அதிரக் கைதட்டினார்கள்.

தூறல் கையைத் தூக்கினான். அக்காவை நினைத்துக்கொண்டுதான் தூக்கினான். சாயங்கால மழை, வழிந்த மானி, ஆற்றோர மனை, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன.

"என்ன தூறல்? சொல்லுங்க, தைரியமாச் சொல்லுங்க," என்றார் இயக்குநர்.

கூடமே அவன் பக்கம் திரும்பியது. முதல் வரிசையிலிருந்து பிரிவுத் தலைவியும் திரும்பிப் பார்த்தார். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநரின் மேசைக்குப் போயிருக்கிறது என்று காலையில்தான் அவர் காதோடு சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவனைவிடச் சந்தோஷம்.

"ஏசியக் கொஞ்சம் குறைக்கலாமா சார்?" என்றான் தூறல்.

குறைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் நன்றி சொன்னார்கள். அவன் உட்கார்ந்துகொண்டான். காது இரண்டும் பற்றி எரிந்தன.

அக்கா மறுபடி போன் செய்தபோது அவனிடம் பதில் தயாராக இருந்தது. "தூறல்தான்க்கா. எங்க கணிப்புல அப்படித்தான் இருக்கு."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள். கணிப்பில் அப்படித்தான் இருந்தது. இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். பொய் சொல்லாதவன் எதற்காக இத்தனை தடவை அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை.

"பாத்தீங்களா!" என்று அக்கா அந்தப் பக்கம் அத்தானிடம் சொல்வது கேட்டது. "எங்க தம்பி சொல்லிட்டான்!"

அத்தானிடம் மட்டுமா சொன்னாள்? கடைக்கு ரவிக்கை தைக்க வந்தவளிடம் சொன்னாள், பட்டன் மாற்ற வந்தவரிடம் சொன்னாள். செருப்பு தைக்கிறவர் குடும்பம் ஒரு மனை வாங்கியது, பால்காரர் ஒன்று வாங்கினார், பள்ளிக்கூட ஆசிரியை ஒன்று வாங்கினார். மேட்டுத் தெருவில் பாதி கீழே இறங்கி ஆற்றோரத்துக்குக் குடிவந்தது. அந்த மாதமே நம்ம ஆளின் வேலையும் நிரந்தரமாயிற்று.

வீடு கட்டி முடித்ததும் அக்கா வரச்சொன்னாள். போனான். முன்னறையில் தையல் மிஷின்கள், உள்ளே ஒரு படுக்கையறை, பின்னால் சமையலறை, ஜன்னலைத் திறந்தால் ஆறு. அத்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக் காட்டினார். அதிகம் பேசாத மனுஷன் அன்றைக்கு வாய் ஓயவில்லை.

"இந்தச் சுவத்தத் தொட்டுப் பாரு மாப்ளே. நானே நின்னு பூச வச்சேன்."

தொட்டுப் பார்த்தான். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. அப்புறம் அவர் தெருக்கோடிக்குக் கூட்டிப்போனார். காட்டிலிருந்து வரும் ஓடை அங்கே சாலைக்கு அடியில் புகுந்து ஆற்றில் விழ வேண்டும். அதற்காகப் புதைத்திருந்த குழாயைப் பார்த்ததும் நம்ம ஆள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு சின்னப் பிள்ளை கட்டிப்பிடித்தால் கைகள் சேர்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் பருமன். பக்கத்தில் மனை விற்றவர்கள் பலகை வைத்திருந்தார்கள்: மழைக் கணிப்பு நிலையத்தின் அளவுகளின்படி அமைக்கப்பட்டது.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் கூடவே வந்த செருப்பு தைக்கிறவர். "குழாய் கொஞ்சம் சின்னதாத் தெரியுதே?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு இனிமேல் கிடைக்காது. கேள்வியே தேடி வந்து நிற்கிறது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அத்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்துக்கொண்டே. இப்போது சொன்னால், முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. கேட்டால் என்னத்தைச் சொல்வது?

"உங்க கட்டத்துக்கு இது போதும்ங்க," என்றான்.

திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தான். அதற்கு மேலே மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அக்கா, வேண்டாம்க்கா, மேட்டுக்கே போயிடுங்க என்று மனசுக்குள் சொல்லிப் பழகினான். நாளைக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தான். மறுநாள், இந்த வாரம் முடியட்டும் என்று நினைத்தான். அன்றைய மேகம் பெய்யாமலே கலைந்துபோனதில் அவனுக்கு ஒரு தைரியமும் வந்துவிட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இப்படியே நாள் ஓடியது.

அப்புறம் ஒரு மாதம் காட்டில் மழையே இல்லை. மாதம் முடியப்போகிற சமயத்தில், ஒரு சாயங்காலம், அந்த ஒரு மாதத்து மழையும் ஒன்றாக இறங்கியது. ஓடை குழாயைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை, சாலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஆள்களெல்லாம் விழித்திருந்த நேரம் என்பதால் மொட்டைமாடிகளில் ஏறித் தப்பினார்கள். அத்தான் மட்டும் மிஷினை மேலே தூக்கிவைக்கப் போனார். அவரே நின்று பூச வைத்த சுவர் அவர் கால்மேல் விழுந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இனி மிஷின் மிதிக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக ஆசிரியைதான் போனில் சொன்னார்.

தூறல் லீவு கேட்கப் பிரிவுத் தலைவியின் அறைக்கு ஓடினான். அங்கே யாரும் இல்லை. எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள், மேடையில் பூச்சாடி வைத்திருந்தார்கள். அவனைக் கண்டதும் கைதட்டல் எழுந்தது.

"வாங்க தூறல், உங்களத்தான் தேடறோம்!" இயக்குநர் அவன் தோளில் கை போட்டு மேடைக்கு இழுத்துக்கொண்டார். "நண்பர்களே! இந்த நிலையத்தோட சரித்திரத்துல இது பொன்னான நாள். காட்டுக் கட்டத்துக்கு இந்த மாசம் எவ்வளவு மழைன்னு நம்ம நூறு வருஷக் கணக்குலயே சொல்லியிருந்தோம். மாசக் கடைசியில மானியப் பாத்தோம். வழிஞ்சத விட்டுட்டுப் பாத்தா, சொன்னதும் பெஞ்சதும் அப்படியே ஒண்ணு! மயிரிழை பிசகல! எந்த நாட்டு நிலையத்துக்கும் கிடைக்காத துல்லியம் இது. தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பெய்யச் சொன்னோம், மொத்தமாப் பெஞ்சிருச்சு. அது மழையோட ஒழுங்கீனம், நம்ம தப்பு இல்ல."

பின்வரிசையில் யாரோ வெள்ளத்தைப் பற்றி முணுமுணுத்தார்கள். இயக்குநர் கையமர்த்தினார்.

"வெள்ளம் கட்டத்தோட ஒரு மூலையில. அந்தத் தண்ணியக் கட்டம் முழுக்கப் பரப்பிப் பாருங்க, உங்க கணுக்கால்கூட நனையாது! இன்னொரு விஷயம். உயிர்ச்சேதம் வரும்னு நாம சொல்லவே இல்ல. வரவும் இல்ல. அதுவும் நம்ம கணிப்போட வெற்றிதான்!"

தூறலின் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். துல்லியத்துக்காக என்று அதில் பொறித்திருந்தது. அவன் அதை வாங்கினான். வாங்காமல் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம், நீங்களும் நானும் அப்படித்தான் செய்திருப்போம் என்று சொல்லிக்கொள்வோம். அவன் வாங்கினான், நன்றி என்றான், போட்டோவுக்கு நின்றான். அப்புறம்தான் லீவு கேட்டான். உடனே கொடுத்தார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். வகுப்பறை பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்து அதன்மேல் அத்தான் படுத்திருந்தார், கால் முழுக்க மாவுக்கட்டு. கீழே அக்கா தையல் மிஷினின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பழைய துணியால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டிலிருந்து மிஞ்சியது அவ்வளவுதான். கேடயம் இருந்த பையை வாசலிலேயே, செருப்புகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே வந்தான்.

"வந்துட்டியா? உக்காரு. சாப்டியா?"

அவன் நின்றுகொண்டே இருந்தான். "அக்கா, என்னால..."

"சும்மா இருடா. உன்ன என்ன குத்தம் சொல்றது? மிஷின் சொன்னத நீ சொன்னே. மழை யார் பேச்சக் கேக்குது?"

இதற்கு அவள் அறைந்திருக்கலாம். வரும் வழியெல்லாம் அவன் அதற்குத்தான் தயாராகிக்கொண்டு வந்தான். திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், வெளியே போடா என்பாள் என்று எண்ணிக்கொண்டு வந்தவனுக்கு அவள் உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். அவனுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் யோக்கியதை வேண்டுமே என்று அடக்கிக்கொண்டான்.

அவன் வந்தது தெரிந்து பக்கத்து அறைகளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பால்காரர் வந்தார், ஆசிரியை வந்தார். செருப்பு தைக்கிறவர் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான், சண்டை வந்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"தம்பி, நல்லவேளை நீங்க வந்தீங்க," என்றார் அவர். "உதவிப் பணம் தர்றேங்கறாங்க. அதே எடத்துல மறுபடி கட்டிக்கலாமான்னு கேக்கறோம். இனிமே இப்படிப் பெய்யாதுல்ல? உங்க ஆபீசுல என்ன சொல்றாங்க?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அக்காவும் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அந்த முகங்களில் கோபம் மருந்துக்கும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவனை நம்பிக்கொண்டுதான் நின்றார்கள்.

ஆபீசில் என்ன சொல்கிறார்கள் என்பது அவனுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தால் தானாக வந்துவிடும். வரவில்லை.

"தெரியாதுங்க," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "எங்க மிஷினுக்கு இந்தக் காட்டு மேகம் கண்ணுலயே படாது. தினம் கொஞ்சம் தூறும்னு எண்ணப் போட்டு வச்சிருக்கோம், அந்த எண்ண வச்சதே நான்தான். நாளைக்குப் பெய்யுமா, எவ்வளவு பெய்யும், ஆறு எதுவரைக்கும் வரும், ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது."

செருப்பு தைக்கிறவர் ஆசிரியையைப் பார்த்தார், ஆசிரியை தரையைப் பார்த்தார். பெஞ்சுமேல் அத்தான் தலையைத் திருப்பி அவனையே பார்த்தார்.

"இப்பத்தான் தெரியாதா?" என்று கேட்டாள் அக்கா. "நான் போன் பண்ணிக் கேட்டேனே, அப்ப?"

"அப்பவும் தெரியாதுக்கா."

அவள் மடியில் இருந்த மிஷினைக் கீழே இறக்கி வைத்தாள். கையிலிருந்த துணியைக்கூடப் போடவில்லை.

"நானும் அதத்தானேடா கேட்டேன்," என்றாள் மெதுவாக. "தெரியாதுன்னு சொல்லியிருந்தா நாங்க மேட்டுலயே இருந்திருப்போமேடா."